வெட்டிய ஓரம்

முதலில் நான் எழுதிக் கொடுத்த தலைப்பு
‘சென்னையில் சர்க்கரை நோய்.’
ஹெப்சிபா மேடம் சிரிக்கவில்லை.
என்னைவிட ஒன்பது வயது இளையவர்,
பதினெட்டு வருஷம் வார்டில் நின்றவளைப் பார்த்து
எப்படிச் சிரிப்பது என்று தயங்கியிருக்கலாம்.
“சென்னை பெருசு சிஸ்டர்,
நோய் அதைவிடப் பெருசு.
நாலாயிரம் வார்த்தைதான் இருக்கு.”

வடசென்னை என்று திருத்தினேன்.
பெருசு.
புளியந்தோப்பு, பெண்கள், நாற்பதுக்கு மேல்.
பெருசு.
மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள்?
அதற்குப் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டார்,
உள்ளே ஒன்றும் எழுதாமல்.

நைட் டியூட்டி முடிந்து வருகிற காலைகளில்
பேசின் பிரிட்ஜுக்கு வெளியே
எப்போதும் போல ரயில் நின்றுவிடும்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதுவேன், அடிப்பேன்.
டிக்கெட் அளவுக்குக்கூடச் சின்னதாக
ஒரு கேள்வி வரவில்லை எனக்கு.

செவ்வாய்க்கிழமை சுகர் கிளினிக்.
மருந்து ஜன்னலுக்குள்ளே தணிகாசலம்
கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார்.
பத்து மாத்திரை அட்டை, ஆளுக்கு ஐந்து.
சரக்சரக்கென்று வெட்டித் தள்ளுகிறார்.
மருந்தின் பெயர் மஞ்சள் புடவைக்காரிக்குப் போகிறது,
காலாவதித் தேதி அவளுக்குப் பின்னால் நிற்பவளுக்கு.
இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்,
ஊசி போட்டுக்கொண்டு.

அன்றைக்கு ஷர்புன்னிசா
முழங்கையில் கட்டோடு வந்திருந்தாள்.
மடியில் பிஸ்கட் டப்பா, டப்பா நிறைய அரை அட்டைகள்.
கண் மங்கி இரண்டு வருஷமாகிறது.
“எது காலைக்கு, எது ராத்திரிக்கு, எப்படிம்மா தெரியும்?”
விரலால் தடவிக் காட்டினாள்.
“ஒரு பக்கம் குத்துச்சுனா காலை.
ரெண்டு பக்கம் குத்துச்சுனா ராத்திரி.
போன மாசம் இவரு லீவுல போயிட்டாரு,
வந்த பையன் வேற மாதிரி வெட்டிட்டான்.”
அவ்வளவுதான்.
ரெண்டு வேளையும் ஒரே மாத்திரை,
அடி பம்பு பக்கத்தில் மயங்கி விழுந்தாள்.
குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை
இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் கொண்டுபோனேன்:
‘ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்
வெட்டித் தரப்படும் மாத்திரை அட்டைகளில்
பெயர் எஞ்சியிருக்கும் விகிதம்.’
ஹெப்சிபா இரண்டு முறை படித்தார்.
பென்சிலைக் கீழே வைத்தார்.
“இதை எண்ண முடியும்” என்றார்.

எண்ணினேன்.
நான்கு செவ்வாய், இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு.
பெயர் முழுசாய் இருந்தவை அறுபத்தொன்று.
பாதிப் பெயரை எதில் சேர்ப்பது என்று
ஒரு ராத்திரி முழுக்கத் தகராறு, எனக்கும் எனக்கும்.
பெருவிரலில் தகர ஓரம் கிழித்து
ஒன்பதாம் கட்டத்தில் ஒரு துளி ரத்தம்.
தாளை மாற்றவில்லை.

கண் ஏன் மங்கியது, கட்டுரையில் இல்லை.
லாரித் தண்ணீர் வராத நாள் இல்லை,
அவள் தூக்குகிற குடம் இல்லை,
மகன் திருப்பூருக்குப் போய்ப் பேசாமலிருப்பது இல்லை.
‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு பத்தி உண்டு.
அதில் மூன்று வரி எழுதினேன்,
மூன்றாவதை நானே வெட்டினேன்.
வெட்டியபின் பார்த்தால்
அவள் பெயர் அந்தத் துண்டில்தான் இருந்தது.

கடைசிச் செவ்வாய்
ஜன்னலை மூடும்போது தணிகாசலம் கேட்டார்:
“என்னைத்தான் போட்டுக் குடுக்கறீங்களா சிஸ்டர்?”
இல்லை என்றேன்.
“முழு அட்டை குடுக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா?
பாதி மாசத்துக்குத்தான் ஸ்டாக் வருது.
இருக்கிறதை எல்லாருக்கும் பிரிக்கணும்.
கத்தரியே மழுங்கிப்போச்சு, பாருங்க,
அதையும் சேர்த்து எழுதுங்க.”

கத்தரியை வாங்கிப் பார்த்தேன்.
பிடியில் துணி சுற்றியிருந்தது,
துணிக்குக் கீழே அவர் விரலில் காய்ப்பு.

“அது வேற தலைப்புண்ணே” என்றேன்.